சாக்கடைத் தண்ணீருக்கு மூன்று குட்டை

சேலம் மாவட்டத்தில் ஒரு சிற்றூரின் சாக்கடை எங்கே போய் முடிகிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் கூடவே நடந்து பார்த்தால் போதும். தெருவோரச் சிமெண்டு வாய்க்கால், கடைசி வீட்டைத் தாண்டியதும் மண் வாய்க்காலாகிறது. பிறகு கருவேல மரங்களுக்கு நடுவே கறுப்பாகத் தேங்கி, மழை வந்த அன்று அடித்துக்கொண்டு போய் ஓடையில் விழுகிறது. அந்த ஓடை திருமணிமுத்தாற்றிலோ சரபங்காவிலோ சேர்ந்தால் கடைசியில் காவிரி. ஆத்தூர்ப் பக்கம் என்றால் வசிஷ்ட நதி. வழியில் இருக்கிற கிணறுகளெல்லாம் அந்தத் தண்ணீரைத்தான் உறிஞ்சுகின்றன.

கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு இந்தத் தண்ணீரின் அளவு கூடிவிட்டது. குடத்தில் தூக்கி வந்த காலத்தில் ஒருவர் செலவழித்த தண்ணீர் வேறு. குழாயைத் திறந்து செலவழிப்பது வேறு. உள்ளே வருகிற தண்ணீரில் ஏறக்குறைய 80 சதவீதம் சாக்கடையாக வெளியே போகும் என்பதே பொறியாளர்கள் போடும் கணக்கு. குடிநீருக்குத் திட்டம் போடும்போதே கழிவுநீருக்கு இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். பெரும்பாலான ஊர்களில் அது நடக்கவில்லை.

சிற்றூருக்குப் பொருத்தமான வழி, தண்ணீரை வரிசையாக வெட்டிய குட்டைகளில் இருபது நாள் நிறுத்திவைப்பது. மோட்டார் வேண்டாம், காற்றடிக்கும் இயந்திரம் வேண்டாம், மின்கட்டணம் இல்லை. இயந்திர நிலையத்தில் காற்றூதி ஒரு நாள் நின்றாலே உள்ளே இருக்கிற நுண்ணுயிர்கள் செத்து, மறுநாள் சாக்கடை சாக்கடையாகவே வெளியே வரும். ஊராட்சியில் அதைப் பழுதுபார்க்க ஆள் வர ஒரு மாதம் ஆகும். குட்டைக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் அது இடம் கேட்கும், தினமும் ஒரு மணி நேரம் ஒருவருடைய உழைப்பைக் கேட்கும், ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்கச் சொல்லும். இந்த மூன்றையும் வெட்டுவதற்கு முன்பே ஒப்புக்கொள்ளாத ஊர் குட்டை வெட்டவே கூடாது.

மூன்று குட்டை, மூன்று வேலை

முதல் குட்டை ஆழமானது, குறைந்தது 3 மீட்டர். தண்ணீர் இதில் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். கனமான அழுக்கு அடியில் படிந்து, காற்றுப்படாத நிலையில் புளித்து, மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் குமிழ் விடும். மேலே பழுப்பு நிறத்தில் ஓர் ஆடை கட்டும். அந்த ஆடையைக் கலைக்கக் கூடாது. நாற்றத்தை உள்ளே அடக்குவதும் வெப்பத்தைக் காப்பதும் அதுதான். சேலத்து வெப்பத்தில் அழுக்கின் சுமையில் 60 சதவீதம் இந்தச் சின்னக் குட்டையிலேயே கழிந்துவிடும்.

இரண்டாம் குட்டை பாசிக் குட்டை. ஆழம் ஒன்றரை மீட்டர், பரப்பு பெரிது. இதுதான் அமைப்பின் உயிர். தண்ணீரில் உள்ள பாக்டீரியா அழுக்கைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசி அந்த வாயுவை எடுத்துக்கொண்டு வெயிலில் ஆக்சிஜனை விடுகிறது. அந்த ஆக்சிஜனை பாக்டீரியா எடுத்துக்கொள்கிறது. ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவு. பாசி மேலே அரை மீட்டருக்குள்தான் வாழும், ஏனென்றால் வெளிச்சம் அதற்குக் கீழே எட்டாது. அடிப்பகுதி முதல் குட்டையைப் போலவே காற்றில்லாமல் இருக்கும். மேலே ஆக்சிஜன் இருக்கும்வரை அடியிலிருந்து வரும் அழுகிய முட்டை வாடை மேலே வருவதற்குள் மாற்றப்பட்டுவிடும்.

இந்தக் குட்டை மணிக்கு மணி மாறும். விடியற்காலையில் தண்ணீரில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட பூஜ்யம். வெயில் ஏற ஏற பாசி சுறுசுறுப்பாகி, உச்சி வேளையில் சாதாரண ஏரித் தண்ணீரில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு ஆக்சிஜன் கரைந்திருக்கும். கரியமில வாயுவைப் பாசி இழுத்துவிடுவதால் தண்ணீரின் காரத்தன்மை கூடி, அதை அளக்கும் பிஎச் எண் 9-ஐத் தாண்டும். மாலையில் எல்லாம் திரும்ப இறங்கும். அதனால் மதியம் ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டுக் குட்டை நன்றாக இருக்கிறது என்று எழுதுவது தவறான கணக்கு. காலை 6 மணிக்குப் போய் நின்றால்தான் உண்மை தெரியும். அந்த நேரத்தில் நாற்றம் இல்லை என்றால் எந்த நேரத்திலும் இல்லை.

மூன்றாம் குட்டை, அதற்கு அடுத்து நான்காவது, ஒரு மீட்டர் ஆழம் மட்டுமே. இவற்றின் வேலை கிருமியைக் கொல்வது. நல்ல வெயில், 9-க்கு மேல் போகும் பிஎச், நிறைந்த ஆக்சிஜன் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேரும்போது மலக்கிருமிகள் தாக்குப்பிடிக்காது. குடற்புழுவின் முட்டைகளோ வெயிலுக்குச் சாகாது. அவை கனமானவை, இருபது நாளில் அடியில் படிந்துவிடும். குளோரின் எதுவும் கலக்கத் தேவையில்லை.

ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு எவ்வளவு இடம்

ஓர் உதாரணம் போடுவோம். மக்கள்தொகை 1,500. குழாய்த் தண்ணீரும் போர்வெல்லும் சேர்த்து ஆளுக்கு 80 லிட்டர். சாக்கடையாக வருவது 64 லிட்டர். மொத்தம் 96 கன மீட்டர். 100 என்று வைத்துக்கொள்ளலாம். அழுக்கின் அளவை பிஓடி என்ற எண்ணால் அளக்கிறார்கள். அழுக்கைத் தின்ன நுண்ணுயிருக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதுதான் அது. ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராம் என்றால் ஊருக்கு 60 கிலோ.

முதல் குட்டைக்கு ஒரு கன மீட்டருக்கு 300 கிராம் சுமை தாங்கும் என்ற கணக்கில் 200 கன மீட்டர் கொள்ளளவு வேண்டும். இதைச் சாய்கரையாக வெட்டினால் மேலே 14 மீட்டர் அகலம் ஓடிவிடும். சிறிய ஊருக்கு 7 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் தண்ணீர் ஆழத்தில் கருங்கல் கட்டடமாக இரண்டு தொட்டி அருகருகே கட்டுவது மேல். ஏன் இரண்டு என்பது கசடு எடுக்கும் நாளில் புரியும்.

அதைத் தாண்டி பாசிக் குட்டைக்குப் போவது 24 கிலோ. பாசிக் குட்டையைக் கொள்ளளவில் கணக்கிட மாட்டார்கள், பரப்பில் கணக்கிடுவார்கள்; வெயில் விழுவது பரப்பில்தான். லீட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டங்கன் மாரா தந்த வாய்ப்பாட்டின்படி, மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி வெப்பம் 25 டிகிரி என்றால் ஒரு ஹெக்டேர் பரப்பு நாளொன்றுக்கு 350 கிலோ பிஓடி தாங்கும். சேலத்தில் மார்கழி, தை மாதச் சராசரி ஏறக்குறைய அதுதான். கைக்காவலாக 300 என்று எடுத்தால் 800 சதுர மீட்டர் வேண்டும். 50 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் தண்ணீர் 12 நாள் நிற்கும்.

கிருமிக் குட்டை இரண்டு, ஒவ்வொன்றும் 400 சதுர மீட்டர், நான்கு நான்கு நாள். நீர்ப்பரப்பு மொத்தம் ஏறக்குறைய 1,700 சதுர மீட்டர். கரை, சாய்வு, சுற்றுப் பாதை, கசடு காயவைக்கும் களம் எல்லாம் சேர்த்தால் இரண்டு மடங்காகும். ஏறக்குறைய 85 சென்ட். ஒரு ஏக்கர் கையில் இருந்தால் நெருக்கடி இல்லாமல் செய்யலாம்.

முதல் குட்டையை விட்டுவிட்டு நேரே பாசிக் குட்டைக்கு அனுப்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அனுப்பலாம். அப்போது 60 கிலோவும் அங்கே போகும், பரப்பு 800-லிருந்து 2,000 சதுர மீட்டர் ஆகும். நிலம் இலவசமாக இருந்தால் அது நல்ல வழிதான். நாற்றத்துக்குப் பயப்படத் தேவையில்லை. சேலம் நகரை ஒட்டிய ஊராட்சிகளில் சென்ட் விற்கும் விலையில் அந்தப் பேச்சே எழாது. அங்கே குட்டை முறையே கட்டுபடியாகாது, நகரப் பாதாளச் சாக்கடையோடு இணைவதே வழி.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நம் கிராமங்களில் கழிப்பறைக்கு இரட்டைக் குழியோ செப்டிக் டேங்கோ இருக்கிறது. சாக்கடையில் வருவது குளியல், சமையல், துணி துவைத்த தண்ணீர் மட்டும்தான் என்று ஏட்டில் எழுதியிருக்கும். தெருவில் குனிந்து பார்த்தால் செப்டிக் டேங்கின் வழிந்தோடு குழாய் பல வீடுகளில் வாய்க்காலுக்குள்தான் திறந்திருக்கும். எனவே முழுக் கழிவுநீர் என்று வைத்தே கணக்குப் போட வேண்டும்.

மலை மேலே கணக்கு மாறும்

சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடைப்பட்ட தூரம் வண்டியில் ஒரு மணி நேரம். குட்டைக்கோ அது வேறு நாடு. நாகலூர், மஞ்சக்குட்டை போன்ற மலை ஊர்களில் மார்கழி, தை சராசரியை 17 டிகிரி என்று வைத்தால், பாசிக் குட்டை ஒரு ஹெக்டேரில் தாங்கும் சுமை 350-லிருந்து 200 கிலோவாக இறங்குகிறது. முதல் குட்டையும் மந்தமாகிறது. அதே 1,500 பேருக்கு அங்கே பாசிக் குட்டை மட்டும் ஏறக்குறைய 1,400 சதுர மீட்டர் வேண்டும். கிருமி சாகும் வேகமோ சேலத்தில் இருப்பதில் கால் பங்கு. பனிமூட்டம் பகலிலும் மூடிக்கொண்டால் அதுவும் குறையும்.

சரிவு நிலத்தில் 50 மீட்டர் நீளத்துக்குச் சமதளம் கிடைப்பதும் அரிது. ஒரு பக்கம் வெட்டி மறு பக்கம் நிரப்பினால், நிரப்பிய கரை ஐப்பசி மழையில் ஊறிச் சரியும். அதனால் மலையில் ஒரே பெரிய குட்டைக்குப் பதிலாகப் படிக்கட்டுப் போலச் சின்னச் சின்னதாக நான்கு, ஐந்து வெட்டுவது நல்லது. எல்லாக் குட்டையும் வெட்டிய மண்ணிலேயே உட்கார வேண்டும். மேட்டுப் பக்கத்தில் மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் இல்லாமல் ஒரு குட்டையும் நிற்காது.

மலைக்கு மட்டும் உள்ள இன்னொரு சிக்கல் காப்பி. பழம் உரித்துக் கொட்டை கழுவும் தண்ணீர் புளிப்பு ஏறியது, ஊர்ச் சாக்கடையைவிடப் பல மடங்கு சுமை கொண்டது. அது வரும் பருவம் நவம்பர் முதல் ஜனவரி வரை. குட்டை மிகவும் பலவீனமாக இருக்கும் மாதங்களும் அவையே. தோட்டத்துக் கழுவுநீரை ஊர்க் குட்டையில் சேர்க்கவே கூடாது. அதற்குத் தோட்டத்துக்குள்ளேயே தனித் தொட்டி வேண்டும்.

மண்ணும் கரையும்

இடம் தேடும்போது ஏரிப் புறம்போக்கின் மேல்தான் முதலில் கண் போகும். அதைத் தொடக் கூடாது. நீர்நிலைப் புறம்போக்கில் கட்டுமானத்துக்குச் சட்டம் இடம் தராது, தந்தாலும் ஏரிக்குள் சாக்கடைக் குட்டை வெட்டுவது ஏரியைக் கொல்வதுதான். வீடுகளிலிருந்து குறைந்தது 200 மீட்டர் தள்ளி, ஊரைவிடப் பள்ளத்தில், ஆனால் வெள்ளம் ஏறாத மேட்டில் இடம் வேண்டும். சாக்கடை தானாக ஓடி வர வேண்டும். வழியில் ஒரு பம்பு வைக்க நேர்ந்தாலே குட்டையின் பாதி நன்மை போயிற்று.

சேலத்துச் செம்மண்ணில் சரளை அதிகம்; தண்ணீரைப் பிடித்து வைக்காது. வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை: ஒரு மீட்டர் ஆழக் குழி எடுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மறுநாள் நிரப்பி எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். ஒரே நாளில் ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் அடியைக் கட்டாமல் விட முடியாது. பக்கத்துக் கிணறுகள் கெடும் என்பது ஒன்று. தண்ணீர் மட்டம் நிற்காமல் குட்டை பாதியில் சேறாகும் என்பது இன்னொன்று. கோடையில் ஆவியாவதே நாளுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர். நம் உதாரணக் குட்டைகளில் அது 12 கன மீட்டர், வருவதில் எட்டில் ஒரு பங்கு. கசிவும் சேர்ந்தால் கடைசிக் குட்டைக்கு எதுவும் போகாது.

அடியைக் கட்ட ஏரிக் களிமண் நல்லது. 15 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, ஈரம் பார்த்து, ரோலர் ஓட்டி, அதன் மேல் இன்னொரு அடுக்கு. காய்ந்த களிமண்ணை ஜேசிபி வாளியால் தட்டிவிட்டுப் போவது இறுக்கம் ஆகாது. முதல் கோடையிலேயே வெடிக்கும். கட்டி முடித்த அன்றே தண்ணீர் விட வேண்டும். களிமண் கிடைக்காத இடத்தில் எச்டிபிஈ என்ற கெட்டி பிளாஸ்டிக் விரிப்பு. அது கசியாது. ஆனால் நனைந்தால் வழுக்கும், உள்ளே விழுந்தவர் எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் கரை ஏற முடியாது. நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட நைலான் கயிறு கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். இந்தச் செலவு சில நூறு ரூபாய். இதை விட்டுவிடக் கூடாது.

கரையின் உட்சாய்வு மூன்றுக்கு ஒன்று, தண்ணீருக்கு மேல் கரை அரை மீட்டர். தண்ணீர் தொடும் வரியில், மேலும் கீழும் ஒன்றரை அடிக்குக் கருங்கல் பாவ வேண்டும். நம் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. அலை அரிக்காமல் இருக்க மட்டும் இது இல்லை. அந்த வரியில்தான் புல் முளைக்கும், புல் நுனி தண்ணீரில் சாய்ந்த இடத்தில்தான் கொசு முட்டையிடும். திறந்த, அலையடிக்கும் நீர்ப்பரப்பில் கொசு பெருகுவது அரிது. குட்டையால் கொசு வந்தது என்று ஊர் சொன்னால் கரைப் புல்லைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

குழாய் வைப்பதில் நுணுக்கம் உண்டு. வரத்தும் போக்கும் எதிரெதிர் மூலையில் இருக்க வேண்டும். நேருக்கு நேர் வைத்தால் புதுத் தண்ணீர் குறுக்கு வழியில் ஓடி, 12 நாள் நிற்க வேண்டியது மூன்றே நாளில் வெளியேறும். காற்றும் அதே வேலையைச் செய்யும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசுகிற வெளியில், வரத்தைக் கிழக்கிலும் போக்கை மேற்கிலும் வைத்தால் தண்ணீர் காற்றை எதிர்த்துப் போக வேண்டும். அப்போது நன்றாகக் கலக்கும். போக்கில் ஒரு பிவிசி டி-பைப்பைச் செங்குத்தாக மாட்டி, தண்ணீர் எடுக்கும் வாயை முதல் குட்டையில் 30 சென்டிமீட்டர் ஆழத்திலும், பாசிக் குட்டையில் 60 சென்டிமீட்டர் ஆழத்திலும் வைக்க வேண்டும். பாசி திரண்டிருக்கும் அடுக்குக்குக் கீழேயிருந்து எடுத்தால்தான் பாசி வெளியே போகாது. கடைசிக் குட்டையில் 5 சென்டிமீட்டர் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கம்பிச் சல்லடை, ஒரு மணல் வாய்க்கால். திறந்த சாக்கடையில் பிளாஸ்டிக் கவர், ஷாம்பு பாக்கெட், தேங்காய் நார், செம்மண் எல்லாம் வரும். பெருமழையில் வரும் வெள்ளத்தைக் குட்டைக்குள் விடாமல் திருப்ப வழிந்தோடி வேண்டும். அது இல்லாத ஊரில் ஒரே ஐப்பசியில் முதல் தொட்டி செம்மண்ணால் நிரம்பிவிடும்.

வருகிற தண்ணீரை அளக்க விலையுயர்ந்த மீட்டர் வேண்டாம். வாய்க்காலில் செங்கோண முக்கோணமாக வெட்டிய இரும்புத் தகடு ஒன்றை நிறுத்தினால் போதும். முனையிலிருந்து தண்ணீர் 6 சென்டிமீட்டர் உயரம் வழிந்தால் விநாடிக்கு 1.2 லிட்டர், 8 சென்டிமீட்டர் என்றால் 2.5 லிட்டர், 10 என்றால் 4.4. நாள் முழுக்க 6 சென்டிமீட்டரில் ஓடினால் 105 கன மீட்டர். காலை 7 மணிக்கு உயர்ந்து, மதியம் தாழ்ந்து, மாலையில் மறுபடி உயரும். ஓர் அடிக்கோலும் நோட்டுப் புத்தகமும் வைத்து ஒரு வாரம் குறித்தால் ஊரின் சாக்கடைக் கணக்கு கையில் இருக்கும்.

தண்ணீரைத் திறக்கும் முறை

புதுக் குட்டையில் முதல் நாளே சாக்கடையைத் திறந்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. பாசி இல்லாத தண்ணீரில் அழுக்கு வந்தால் அழுகும், நாறும், ஊர் திரும்பாத வெறுப்பு கொள்ளும். கோடை தொடக்கத்தில் பாசிக் குட்டையையும் கடைசிக் குட்டைகளையும் நல்ல தண்ணீரால் நிரப்பி, பச்சை ஏறும்வரை விட வேண்டும். நல்ல தண்ணீருக்கு வழியில்லை என்றால் சாக்கடையால் நிரப்பி வரத்தை அடைத்து மூன்று, நான்கு வாரம் காத்திருக்கலாம். அதன் பிறகே முதல் தொட்டியை நிரப்ப வேண்டும். அதில் பழைய செப்டிக் டேங்க் கசடு ஒரு லாரி கொட்டினால், புளிக்கவைக்கும் நுண்ணுயிர் பாலுக்கு உறை ஊற்றியது போல் உடனே பிடித்துக்கொள்ளும்.

காலை ஒரு மணி நேரம்

தூய்மைக் காவலரில் ஒருவருக்கு இதைத் தனி வேலையாக, தனிச் சம்பளத்தோடு தர வேண்டும். குப்பை வண்டியையும் தள்ளிவிட்டு நேரம் கிடைத்தால் குட்டையையும் பார் என்று சொன்னால் குட்டை ஆறு மாதத்தில் புதர். அவருக்கு முழங்கால் பூட்ஸ், கையுறை, நீளக் கைப்பிடி வாரி, சோப்பு, கைகழுவ நல்ல தண்ணீர்க் குழாய், ஒரு சின்ன அறை ஆகியவை கட்டாயம்.

முதலில் சல்லடையை வாரிக் குப்பையைக் குழியில் புதைப்பார். தகட்டில் உயரம் பார்த்து எழுதுவார். பாசிக் குட்டையில் மிதக்கும் நுரை, இலை, ஆடை எதுவானாலும் வாரி வெளியே எடுப்பார். முதல் தொட்டியின் ஆடையைத் தொடமாட்டார், ஈ மொய்த்தால் அதன் மேல் கடைசிக் குட்டைத் தண்ணீரைத் தெளிப்பார். ஆகாயத் தாமரையோ மிதக்கும் வேறு இலைச் செடியோ ஒன்று கண்ணில் பட்டாலும் அன்றே பிடுங்க வேண்டும். அவை பரப்பை மூடினால் வெளிச்சம் போயிற்று, பாசி செத்தது. கரையில் எலி வளையும் நண்டு வளையும் தேடி அடைக்க வேண்டும். எருமை இறங்கிய தடம் இருந்தால் வேலியில் ஓட்டை. கிளுவை வேலி போட்டால் நாளாக நாளாக அடர்த்தியாகும், ஆனால் குட்டைக்கு நிழல் விழாத தூரத்தில் நட வேண்டும்.

நிறத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டவருக்கு ஆய்வகம் பாதிதான் தேவை. பாசிக் குட்டை பளிச்சென்ற கரும்பச்சையாக இருந்தால் எல்லாம் சரி. மஞ்சள் கலந்த மங்கல் பச்சை என்றால் நல்ல பாசி குறைந்து வேறு வகை ஏறுகிறது. சாம்பல், கறுப்பு என்றால் சுமை கூடிவிட்டது. இளஞ்சிவப்பு அல்லது ஊதா தெரிந்தால் கந்தகத்தில் வாழும் பாக்டீரியா பெருகியிருக்கிறது. ஆக்சிஜன் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே வரத்தில் பாதியைத் திருப்பிவிட்டு, யார் என்ன கொட்டினார்கள் என்று வாய்க்காலில் மேல்நோக்கி நடக்க வேண்டும்.

சேலத்தில் அந்த நடை மூன்று இடங்களில் ஒன்றில் முடியும். சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் தண்ணீர் முதலாவது. மரவள்ளி மாவு கழுவிய தண்ணீரின் பிஓடி லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம். 4,000 என்றே வைத்தாலும் வெறும் 10 கன மீட்டர், அதாவது இரண்டு டேங்கர் லாரி, 40 கிலோ சுமையைக் கொண்டுவரும். முழு ஊரின் சுமையே 60 கிலோதான். சாயப்பட்டறைத் தண்ணீர் இரண்டாவது. அதன் அழுக்கைவிட நிறம்தான் எமன். கருநீலத் தண்ணீருக்குள் வெயில் நுழையாது. கொலுசுப் பட்டறையில் வெள்ளியைக் கழுவிய அமிலம் மூன்றாவது. அது சின்ன அளவில் வந்தாலும் முதல் தொட்டியின் பிஎச்சை 6-க்குக் கீழே தள்ளி மீத்தேன் உண்டாக்கும் உயிர்களைக் கொன்றுவிடும். சுண்ணாம்பு கரைத்து ஊற்றி 7-க்குக் கொண்டுவரலாம். ஆனால் அமிலத்தோடு வந்த உலோகம் கசடில் தங்கிவிடும். அந்தக் கசடு வயலுக்கு உதவாது.

கசடு எடுக்கும் ஆண்டு

ஆளுக்கு ஆண்டுக்கு 0.04 கன மீட்டர் கசடு முதல் தொட்டியில் சேரும். 1,500 பேருக்கு 60 கன மீட்டர். 200 கன மீட்டர் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் எடுத்தாக வேண்டும். அதாவது ஓர் ஆண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டு. திட்ட மதிப்பீட்டில் இந்தச் செலவு பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை. மூன்றாம் ஆண்டில் கசடு தொட்டியை நிரப்பிப் பாசிக் குட்டைக்கு வழிகிறது, பாசிக் குட்டை கறுக்கிறது, குட்டை முறையே உதவாது என்று பேச்சு கிளம்புகிறது.

எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஓர் எளிய வழி. 4 மீட்டர் நீள மூங்கில் கழியில் பழைய வெள்ளை வேட்டித் துணியை அடியிலிருந்து பாதிக்கு மேல் இறுக்கிச் சுற்ற வேண்டும். கழியை நேராக, மெதுவாகத் தரை தொடும்வரை இறக்கி, பத்து எண்ணிவிட்டு ஆடாமல் மேலே எடுத்தால், கசடு இருந்த உயரம் வரை துணியில் கறுப்பு அப்பியிருக்கும். அதற்கு மேல் வெறும் ஈரம். கோடு தெளிவாகத் தெரியும். தொட்டியில் நான்கைந்து இடத்தில் இப்படிப் பார்த்துச் சராசரி எடுத்தால், 3 மீட்டரில் ஒரு மீட்டர் வந்ததும் வேலையைத் தொடங்கலாம்.

மாசி, பங்குனி நல்ல காலம். ஒரு தொட்டியை அடைத்து முழு வரத்தையும் இன்னொன்றுக்குத் திருப்ப வேண்டும். ஒரு நாள் தங்கினாலும் அது சமாளிக்கும். இதற்குத்தான் இரண்டு தொட்டி. கசடைப் பம்பு வைத்துத்தான் எடுக்க வேண்டும். மனிதரை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிட, அடியில் தங்கியிருக்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும். காப்பாற்ற இறங்குபவரும் திரும்ப மாட்டார். எந்த அவசரத்துக்கும் இதில் விலக்கு கிடையாது.

ஒரு தொட்டியின் 35 கன மீட்டர் கசடை மணலும் ஜல்லியும் பரப்பிய களத்தில் 25 சென்டிமீட்டர் கனத்துக்கு விட 140 சதுர மீட்டர் வேண்டும். சேலத்து வெயிலில் இரண்டு மூன்று வாரத்தில் வெடித்துப் பாளமாகும், மண்வெட்டியால் அள்ளலாம். ஆனால் காய்ந்ததும் வயலுக்குப் போகக் கூடாது. புழு முட்டை காய்ந்த கசடில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கூரைக்குக் கீழே சமவெளியில் ஓராண்டு, ஏற்காட்டுக் குளிரில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு கிடந்த பிறகே உரமாகும்.

வெளிவரும் தண்ணீர்

கடைசிக் குட்டையிலிருந்து வரும் தண்ணீர் லேசான பச்சை நிறத்தில் இருக்கும். அது பாசி. இந்தியாவின் பொதுக் கழிவுநீர் விதிப்படி ஆற்றில் விட பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். நிலத்தில் பாய்ச்ச அந்த விதி 100 வரை அனுமதித்தது; சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2017-இல் வந்த அளவு அதைவிடக் கடுமையானது. குட்டைத் தண்ணீரில் உள்ள பாசியே சோதனையில் பிஓடியாகக் கணக்காகும் என்பதால் 30 என்ற எல்லையை அது பல நாள் தாண்டிவிடும். 100-க்குள் நிற்பது கடினமில்லை. ஆகவே இந்தத் தண்ணீரை ஓடையில் விடாமல் நிலத்துக்கே கொண்டுபோக வேண்டும். ஆற்றுக்குச் சுமையாகும் அதே பாசி, வயலுக்குத் தழைச்சத்து.

ஆவியும் கசிவும் போக நாளுக்கு 85 கன மீட்டர் கிடைக்கும். நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று பாய்ச்சினால் நாலு ஏக்கருக்குக் காணும். தென்னை, கம்பு நேப்பியர் தீவனப்புல், மூங்கில், பருத்தி ஆகியவற்றுக்குக் கவலையின்றி விடலாம். பச்சையாகத் தின்னும் வெள்ளரி, தக்காளி, கொத்தமல்லிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 1989-இல் வைத்த அளவு வேறு: 100 மில்லிலிட்டரில் மலக்கிருமி 1,000-க்கு மேல் கூடாது, லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் கூடாது. நல்லபடி ஓடும் குட்டை வரிசை இதை எட்டும். ஆயினும் சோதித்து எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கீரைக்குப் பாய்ச்ச வேண்டாம். சொட்டுநீர்க் குழாயில் விட்டால் பாசி ஒரு வாரத்தில் துளையை அடைத்துவிடும். பார் வாய்க்காலே சரி. மாடு வைத்திருக்கும் வீடுகளுக்குத் தீவனப்புல் பாத்தியை ஏலம் விட்டால், வருகிற பணத்தைக் காவலரின் சம்பளத்துக்கும் மாசி மாதப் பம்பு வாடகைக்கும் ஊராட்சிக் கணக்கில் தனித் தலைப்பில் வைக்கலாம். மழை நாட்களில் வயல் தண்ணீர் கேட்காது. அப்போது ஒரு மாத வரத்தைத் தாங்கும் சேமிப்புக் குட்டை ஒன்று இருந்தால் ஓடைப் பக்கம் மதகைத் திறக்கவே வேண்டியிராது.